ஆசிரியர் வேலை நிறுத்தமும் தோட்டத்துப் பிள்ளையும்

மலைநாட்டில் வாழும் நமக்கு, வேலை நிறுத்தம் என்றால் என்னவென்று பிறர் விளக்க வேண்டியதில்லை. பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் 1940-ம் ஆண்டிலேயே வேலையை நிறுத்தித் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையோடு கலந்து பேசத் துரையையும் இணங்க வைத்தனர். கேட்டுப் பெற வேறு வழியில்லாதபோது கையை மடக்கிக்கொள்வது நியாயமே என்று நம் முன்னோர் கண்டிருந்தனர். ஆகையால் ஆசிரியரோ பல்கலைக்கழக ஊழியரோ வேலையை நிறுத்தும்போது, அவர்களைத் தூற்ற நம் நாவு எளிதில் எழுவதில்லை. அது நற்குணமே.

ஆயினும் ஒரு வேற்றுமையை நாம் மறத்தலாகாது. கொழுந்து பறிக்காமல் விட்ட மலையில் இலை முற்றிப் போகும். முற்றியதைக் கழித்துவிட்டால் செடி மறுபடி துளிர்க்கும். படிப்பிக்காமல் விட்ட பாடம் அவ்வாறு தானாகத் துளிர்ப்பதில்லை. யாரேனும் அதைத் திரும்பப் படிப்பிக்க வேண்டும். இல்லையேல் பிள்ளை தானே முயன்று படிக்க வேண்டும்.

2021-ம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கொரோனா நோயால் பாடசாலைகள் மூடப்பட்டு, கைத்தொலைபேசி வழியே பாடம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 24 ஆண்டுகளாகத் தீராத சம்பள முரண்பாட்டை நீக்குமாறு கோரி, ஆசிரியரும் அதிபர்களும் ஜூலை 12-ந் திகதி முதல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஒக்டோபர் 25-ந் திகதி அவர்கள் பாடசாலைக்குத் திரும்பும்போது மூன்று மாதங்களுக்கு மேல் கடந்துவிட்டன. 2022 ஜனவரி முதல் சம்பளம் உயர்ந்தது. ஆசிரியருக்கு இழப்பு ஓரளவு ஈடாயிற்று. பிள்ளைகளின் இழப்பு?

இந்த இழப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவானதன்று. நகரத்துப் பிள்ளைக்குப் பாடசாலை நின்றாலும் பிரத்தியேக வகுப்பு உண்டு. படித்த தாய்தந்தையர் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு லயத்துக் காம்பராவில் ஒரே கைத்தொலைபேசி. அதுவும் பல வேளைகளில் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று விதிக்கப்பட்டதே அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான். அதில் அரிசிக்கும் மாவுக்கும் போக, பதுளைக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏற்றி வகுப்புக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? பாடசாலை ஒன்றையே நம்பியிருப்பவனுக்குப் பாடசாலை நின்றால் எல்லாமே நின்றுவிடுகிறது.

இதற்காக ஆசிரியரைப் பகைப்பது சரியாகுமா? ஆகாது. இலவசக் கல்வித் திட்டம் 1945-ல் நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970-களில்தான். 2015-ம் ஆண்டளவில் அப்பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது, அவர்களுக்குக் கிடைத்த கொடுப்பனவு மாதம் 6000 ரூபா மட்டுமே. அவர்களும் லயங்களில் வளர்ந்த நம் பிள்ளைகளே அல்லவா? கற்பிப்பவரின் வயிறு வாடினால் கல்வியும் வாடும். எனவே யார் குற்றவாளி என்று தேடுவதைவிட, அந்த நாட்களில் பிள்ளையை எப்படிக் காப்பது என்று எண்ணுவதே நம் வேலை.

உயர்கல்வியிலும் இதே சோதனைதான். 2022-ம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 பெப்ரவரியில் முடிந்தது. வரி உயர்வை எதிர்த்து விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்தாமல் விலகி நின்றமையால் திருத்தும் பணி தாமதமாயிற்று; பெறுபேறு வெளிவந்தது செப்டெம்பர் 4-ந் திகதி. அடுத்து, 2024 மே 2-ந் திகதி பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர் தொடங்கிய வேலை நிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. நூலகம், விடுதி, பரீட்சைப் பிரிவு, பதிவு அலுவலகம் யாவும் அவர்கள் கையிலன்றோ இயங்குகின்றன?

இத்தகைய காத்திருப்பில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. “சும்மா இருப்பானேன்? ஒரு மாதம் கொழும்பில் கடையில் நிற்கட்டும்” என்று வீட்டில் ஒருவர் சொல்வார். முதற் சம்பளம் வந்து சேரும். வீட்டுக் கடனில் ஒரு பகுதி அடையும். பிறகு பாடசாலை திறந்தாலும் பையன் திரும்புவதில்லை. பெண் பிள்ளையானால் தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்து, புத்தகம் மூலைக்குப் போய்விடுகிறது. வேலை நிறுத்தம் முடிந்தாலும் அப்பிள்ளையின் கல்வி நின்றது நின்றதுதான்.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. பாடசாலை இல்லாத நாளிலும் பாடசாலை நேரத்தை விடாதீர்கள். காலையில் நீங்கள் பிரட்டுக்குப் புறப்படும் போதே பிள்ளையும் புத்தகத்தோடு உட்காரட்டும். லயத்தில் உயர்தரம் படித்த அண்ணனோ அக்காளோ ஒருவர் இருந்தால், ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்துக் கோயில் மண்டபத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைக்கலாம்.

மாணவ மணிகளுக்கு உதவும் வாயில்களும் சில உண்டு. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ இணையத்தளத்தில் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களை இலவசமாகப் பெறலாம். தொலைபேசி ஒன்றே இருந்தால், வேண்டிய பக்கங்களை ஒரு முறை அச்செடுத்துப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். பெறுபேற்றுக்காகக் காத்திருப்போர் திறந்த பல்கலைக்கழகத்தின் பதுளைப் பிராந்திய நிலையத்தில் தமக்கேற்ற பாடநெறிகளை விசாரிக்கலாம்.

ஊவா வெல்லஸ்ஸவிலோ வேறிடத்திலோ பயிலும் பல்கலைக்கழக மாணவர், அலுவலகம் பூட்டியிருக்கிறதென்று மனம் தளரலாகாது. எந்தப் பிரிவினர் வேலை நிறுத்தத்தில் இருக்கின்றனர் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஊழியர் விலகினால் பீடாதிபதியையும் மாணவ ஆலோசகரையும், விரிவுரையாளர் விலகினால் அலுவலகத்தையும் நாடலாம். விடுதி, உதவிப் பணம், பரீட்சை ஆகியவை பற்றி எழுத்தில் கேட்டு, அதன் பிரதியை வைத்திருப்பது நலம்.

மனம் மிகச் சோர்ந்தவர் 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். சிறு பிள்ளை வேலைக்கு அனுப்பப்படுவதைக் கண்டால் 1929 என்னும் சிறுவர் உதவி இலக்கம் உண்டு. கேட்பதில் வெட்கமில்லை.

இறுதியாக, ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரும்பி வரும் முதல் நாளில் வரவுப் பதிவேட்டை விரித்து, வராத பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே அப்பிள்ளையின் லயத்துக்கு ஆளனுப்புங்கள். உங்கள் உரிமைக்காகத் தோட்டம் பொறுமையோடு காத்திருந்தது; அந்த ஒரு பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவதே நீங்கள் அதற்குச் செய்யக்கூடிய கைம்மாறு.