தேதின்னா வெறும் ஃபார்மேட்டா?

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம். ஏன்னா, இதுல அடி வாங்குறது பெரும்பாலும் அவங்கதான்.

ஒரு கம்பெனி தன் மென்பொருளை வேற நாட்டுக்கு விக்கக் கிளம்பும்போது என்ன செய்யுது? திரையில் இருக்குற வார்த்தைகளை மொழிபெயர்க்குது. டாலர் குறியை மாத்துது. தேதியில மாசத்தையும் நாளையும் இடம் மாத்தி வைக்குது. அவ்வளவுதான், எங்க சாஃப்ட்வேர் உலகத்துக்கே பொதுன்னு சொல்லிடுது. என் கட்சி என்னன்னா, தேதியை எழுதுற விதம் இந்த வேலையில் கால்வாசி கூட இல்லை. நாள்காட்டி என்பது கணக்கு இல்லை. அரசாங்கமும் மனுசங்களும் எடுக்குற முடிவு. அந்த முடிவு மாறிக்கிட்டே இருக்கும். இதை ஒத்துக்காத மென்பொருளுக்கு விலை கொடுக்குறது சம்பளத்துக்கும் விசாவுக்கும் காத்திருக்குற ஆளுங்க.

முதல்ல அந்தக் கால்வாசி. 03/04/2025 அமெரிக்காவுல மார்ச் 4, நம்மூர்ல ஏப்ரல் 3. நான் படிக்குற கனடாவுல ரெண்டும் புழங்குது. போதாக்குறைக்கு வருஷத்தை முன்னாடி போடுறதும் உண்டு. ஆனா இதே ஊர்ல சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்க. எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு போட்டிருக்குற இடத்துல மாசத்துக்கு ரெண்டே எழுத்து. எம்.ஆர்னா மார்ச், ஏ.எல்னா ஏப்ரல், எம்.ஏன்னா மே. ஆங்கிலம், பிரெஞ்சு ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி பொறுக்கி எடுத்த எழுத்துக்கள். பால் டப்பாவுக்கு வந்த புத்தி பில்லிங் சாஃப்ட்வேருக்கு ஏன் வரலைங்குறேன்! மனுசன் படிக்குற இடத்துல மாசத்தை எழுத்துல போடு. மெஷினும் மெஷினும் பேசிக்கிற இடத்துல 1988-லேயே வந்த ஐ.எஸ்.ஓ 8601 இருக்கு, வருஷம்-மாசம்-நாள் வரிசையில. கால்வாசி வேலை இதோட முடிஞ்சுது.

இப்போ முக்கால்வாசிக்கு வருவோம்.

தாய்லாந்துல 2025-ஐ 2568-னு எழுதுவாங்க. 543-ஐக் கூட்டினா போச்சு, சுலபம். ஜப்பானுக்கு வாங்க. பேரரசர் மாறினா வருஷக் கணக்கு ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கும். 2019 ஏப்ரல் 30 ஹெய்சேய் 31-ஆம் வருஷம், மறுநாள் மே 1 ரெய்வா முதல் வருஷம். அந்த 'ரெய்வா'ங்குற பேரை அறிவிச்சதே ஏப்ரல் 1-ந் தேதிதான். ஒரே மாசத்துல ஊர்ப்பட்ட மென்பொருளையும் தயார் பண்ணியாகணும். நேபாளத்துல பிக்ரம் சம்வத். மாசத்துக்கு 29 நாளும் வரலாம், 32 நாளும் வரலாம், அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறும். நம்ம ஆடி, மார்கழி மாதிரியேதான். அவங்க நிதியாண்டு ஆரம்பிக்குறதும் அந்த நாள்காட்டிப்படி, ஜூலை நடுவுல. ஏப்ரல் 1-னு நிரல்ல எழுதி வச்சா கணக்கு எப்படி நிக்கும்?

"அட, வியாபாரத்துல எல்லாரும் ஆங்கிலத் தேதிக்கு வந்தாச்சேப்பா"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா அப்படி வர்றதுக்கும் ஒரு தேதி இருக்கு. சவுதி தன் அரசு ஊழியர் சம்பளத்தை ஹிஜ்ரி மாசத்துலேருந்து ஆங்கில மாசத்துக்கு மாத்தினது 2016 அக்டோபர்ல. ஹிஜ்ரி வருஷம் சுமார் 11 நாள் குட்டை. முன்னாடி 354 நாள்ல 12 சம்பளம் வாங்கின ஆளுக்கு அதுக்கப்புறம் 365 நாள்ல 12 சம்பளம். நாள்காட்டியை மாத்தினா பாக்கெட்டுல கை வைக்குற மாதிரி!

வார விடுமுறையும் இப்படித்தான். சவுதியில வியாழன்-வெள்ளியா இருந்தது 2013-ல வெள்ளி-சனி ஆச்சு. அமீரக மத்திய அரசு 2022 ஜனவரியில சனி-ஞாயிறுக்கு வந்துச்சு, வெள்ளி அரை நாள். மலேசியாவுல ஜொகூர் மாநிலம் 2025 ஜனவரியில சனி-ஞாயிறுக்குத் திரும்புச்சு. இதெல்லாம் நம்ம சனம் உழைக்குற ஊருங்க. ஓவர்டைம் கணக்கு இதுலதான் நிக்குது. இன்னைய விதியை மட்டும் வச்சுக்கிட்டுப் பழைய வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டா, அன்னைக்கு வேலை நாளா இருந்தது லீவாத் தெரியும். அதனால விதி மட்டும் போதாது, அது எப்போலேருந்து எப்போ வரைக்கும்னும் சேர்த்து வைக்கணும்.

உச்சகட்டம் சமோவா. 2011-ல சர்வதேச தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தாவினாங்க. டிசம்பர் 29 வியாழன், மறுநாள் டிசம்பர் 31 சனி. வெள்ளிக்கிழமையே கிடையாது! ஆனா இல்லாத அந்த வெள்ளிக்கும் சம்பளம் கொடுக்கணும்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. எந்த பேரோல் மென்பொருள் இதை எதிர்பார்த்திருக்கும், சொல்லுங்க :-)

கடைசியா ஒண்ணு. பிறந்த நாளைப் பல மென்பொருட்கள் ஒரு நொடியாச் சேமிக்குது, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவுனு. மே 15-னு பதிஞ்சதை டொராண்டோ நேரத்துக்கு மாத்திக் காட்டினா மே 14. பாஸ்போர்ட்ல ஒண்ணு, விண்ணப்பத்துல ஒண்ணு. அலையப்போறது நிரல் எழுதினவர் இல்லை. பிறந்த நாள் ஒரு நாள், நொடி இல்லை. அதை நாளாவே சேமிங்க, நேர மண்டலம் பக்கமே கொண்டு போகாதீங்க.

இதுக்கெல்லாம் சக்கரத்தைப் புதுசாச் செய்ய வேண்டாம். யூனிகோட் அமைப்போட சி.எல்.டி.ஆர் தரவுல எந்த நாட்டுக்கு எந்த நாள்காட்டி, வாரம் எந்த நாள்ல ஆரம்பம், மாசப் பேரு என்னங்குற விவரம் இலவசமாவே கிடைக்குது. நிதியாண்டு, விடுமுறை, வேலை நாள் இதையெல்லாம் நிரலுக்குள்ள புதைக்காம அட்டவணையில வைங்க. அரசாங்கம் முடிவை மாத்துச்சுன்னா ஒரு வரியைச் சேர்த்தா போதும்.

செலவாகும்தான். ஆனா அந்தச் செலவை நாம செய்யலைன்னா, மாசக் கடைசியில சம்பளச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு எண்ணிப் பாக்குற ஒரு தொழிலாளி செய்யுறார். அவருக்கு சப்போர்ட் டிக்கெட் போடக்கூடத் தெரியாது.

டிஸ்கி: பொட்டி தட்டுற மக்கள் திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் உங்க நிரல்ல பெரிய ஒய் நாலு போட்ட தேதி ஃபார்மேட்டைத் தேடுங்க. ஜாவாவுல அது வருஷம் இல்லை, வாரக் கணக்குப்படியான வருஷம். 2024 டிசம்பர் 31-ஐ 2025 டிசம்பர் 31-னு காட்டியிருக்கும். சின்ன ஒய்க்கு மாத்திட்டு வந்து மீதியைப் பேசலாம்.