பழைய தட்டுகளை என் செய்வது?

நம் சங்கத்து அறையில், கேரம் பலகைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி கிடப்பதை அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். கண்டிருப்பீர்கள் என்பதைவிட, அதன்மேல் அமர்ந்து தேநீர் அருந்தியிருப்பீர்கள் என்பதே பொருந்தும். நமக்கு முன் இங்குப் பயின்று சென்ற தமிழர்கள் விட்டுச் சென்ற 41 இசைத்தட்டுகள் அதனுள் இருக்கின்றன. சென்ற மாதம் கூடிய செயற்குழுவில், அவற்றை ஃப்ரீ ஸ்கூல் தெருவிலுள்ள பழைய தட்டுக் கடையில் விற்றுவிட்டு, வரும் தொகையைப் பொங்கல் விழாச் செலவில் சேர்க்கலாம் என்றொரு கருத்து எழுந்தது. "எல்லாந்தான் யூடியூபில் இருக்கிறதே!" என்றார் ஒரு நண்பர். கைதட்டலும் எழுந்தது. நான் மறுத்துப் பேச எழுந்தேன். பேசத் தெரியாமல் தடுமாறி அமர்ந்தேன். அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

தட்டுகளை விற்பதா வேண்டாவா என்பது இருக்கட்டும். அதற்கு முன் அவற்றிலுள்ள ஒலியை நாமே கணிப்பொறியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது எந்தத் தூய்மையும் செய்யாமல், இரைச்சலும் கீறலுமாக, உள்ளது உள்ளபடி ஒரு படி எடுத்து வைக்க வேண்டும். இவ்விரண்டில் பின்னதையே நான் பெரிதும் வற்புறுத்துகிறேன். காரணம், நானே செய்த பிழை.

என் தாத்தா தஞ்சை மாவட்டத்திலிருந்து கரக்பூர் ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவர். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த சில பொருள்களில் ஒரு நாடகப் பாட்டுத் தட்டும் ஒன்று. நான் இளங்கலை இறுதியாண்டில் இருந்தபோது, நண்பரொருவரிடம் தட்டுச் சுழற்றும் பெட்டியொன்றை இரவல் வாங்கி, அந்தத் தட்டைக் கணிப்பொறியில் ஏற்றினேன். கேட்டால், அடைமழையில் யாரோ பாடுவதுபோல் இருந்தது. மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தது. அழுத்தினேன். மழை நின்றது. இயற்பியல் மாணவனல்லவா, பெருமைக்குக் கேட்பானேன்! எம்.பி.3 ஆகச் சுருக்கிச் சேமித்தேன். இடம் அடைக்கிறதென்று மூலப்பதிவை அழித்தேன். அடுத்த ஆண்டு வீடு மாறியபோது தட்டு நான்கு துண்டாயிற்று.

அதன்பின் ஒரு நாள் பாட்டியிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். பாட்டி இறுதிவரை கேட்டார். "பாட்டு அதுதான் தம்பி. ஆனா இது நம்ம வீட்டுத் தட்டு இல்லைடா. நம்மதுல நடுவுல 'டொக்கு டொக்கு'ன்னு விழும். உங்கப்பன் தவழ்ந்து வந்து முள்ளைத் தட்டிவிட்டான். தாத்தா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை" என்றார்.

கீறலை விடுங்கள், அது எங்கள் வீட்டுக் கதை. பிறகு நானே காதுக்குழாய் மாட்டிக் கவனமாகக் கேட்டேன். பாடியவரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. 'ச' என்ற எழுத்து வரும் இடமெல்லாம் மழுங்கியிருந்தது. ஜால்ரா ஒலி பாதியில் அறுந்து நின்றது. நான் இரைச்சலை மட்டும் நீக்கவில்லை. இரைச்சலைப் போலிருந்த இசையையும் சேர்த்தே நீக்கியிருந்தேன்.

இது எப்படி நிகழ்கிறது என்பது எளிது. பாட்டுத் தொடங்குமுன் வரும் வெறும் இரைச்சலை மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்டுகிறோம். ஒவ்வோர் அலைவெண்ணிலும் அந்த இரைச்சல் எவ்வளவு வலிமையுடையது என்று அது கணக்கிட்டுக்கொள்கிறது. பின்னர்ப் பாட்டு முழுவதிலும் அந்த அளவுக்குக் கீழே வரும் ஒலியையெல்லாம் அமுக்குகிறது. அதற்குத் தமிழ் தெரியாது, தாளமும் தெரியாது. 'ச', 'ஸ' என்னும் எழுத்துகளின் ஒலி, தம்புராவின் தேய்ந்து மறையும் நாதம், பாடகர் மூச்சு வாங்குவது ஆகியவை எல்லாம் அதன் கண்ணுக்குக் குப்பைதான். ஒற்றைக் கீறலின் 'டொக்' ஒலியை நீக்குவது இவ்வளவு தீங்கானதன்று. அது ஒரு நொடியில் மிகச் சிறு பகுதி. இருபுறத்து ஒலியையும் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடலாம். எனினும் எதைச் செய்தாலும் நகலில் செய்க. மூலத்தில் கைவைக்க வேண்டா. நாளை இதைவிடத் திறமான கருவி வரும். அப்போது தூய்மை செய்ய அழுக்கு இருக்க வேண்டுமே!

இனி நம் பெட்டிக்கு வருவோம். 32 தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய வகை. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும். ஒன்பது, வைனிலால் ஆன எல்.பி. தட்டுகள். பழைய வகையில் கலந்திருப்பது அரக்கு. நம் மாநிலத்துப் புருலியா மரங்களில் பூச்சி தரும் அதே அரக்குதான். பாண்டவர் தப்பிய மாளிகையும் அரக்கு என்பர். தீயில் அது பட்ட பாட்டைத் தட்டு கீழே விழுந்தால் படும். இதனைச் சாராயம் கலந்த நீர்மத்தால் துடைக்கலாகாது; அரக்குக் கரைந்துவிடும். ஊசியும் வேறு. எல்.பி. ஊசியின் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் சிறிதோதான் இருக்கும். 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு வேண்டும். சிறிய ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து புழுதியைத்தான் வாசிக்கும். தாத்தாவின் தட்டை நான் அப்படித்தான் வாசித்தேன் என்பது பிற்பாடு தெரிந்தது. மழைக்குப் பாதிக் காரணம் நானே.

இன்னொன்று. 78 தட்டுகளில் ஒலி ஒன்றே ஆயினும், இன்றைய ஊசி பள்ளத்தின் இரு சுவர்களையும் தனித்தனியே வாசிக்கும். ஒரு சுவர் தேய்ந்திருந்தால் மற்றொன்று நன்றாயிருக்கக்கூடும். ஆதலின் இரண்டையும் பதிவு செய்துகொண்டு பிறகு நல்லதைத் தேரலாம். இரட்டை அடுக்கில், நொடிக்கு 96,000 மாதிரி, மாதிரிக்கு 24 பிட் என்று எடுத்தால் மூன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 எம்.பி. ஆகும். பெட்டி முழுவதும் 20 ஜி.பி.க்குள் அடங்கும், ஒரு 32 ஜி.பி. பென்டிரைவ் போதும். (இரண்டாக வாங்குவோம். ஒன்று தொலையும்.) ஓடும் நேரம் ஒன்பது மணிக்குச் சற்று மேல். இதனை விரைவுபடுத்த வழியில்லை. பாட்டு ஓடும் வேகத்தில்தான் பதிவும் ஓடும். அமர்ந்து கேட்டே தீர வேண்டும். இது குறையென்று எனக்குத் தோன்றவில்லை.

"யூடியூபில் இருக்கிறதே" என்ற நண்பருக்கு விடை கூற வேண்டும். சில இருக்கின்றன, மறுக்கவில்லை. எம்.எஸ். அம்மையாரின் 1963ஆம் ஆண்டு வேங்கடேச சுப்ரபாதம் நம் பெட்டியில் இருக்கிறது. அஃது எங்கும் கிடைக்கும். அந்தத் தட்டை விற்றால் நான் வருந்த மாட்டேன். ஆனால் பெட்டியிலுள்ள நாடகத் தட்டுகளில் ஏழைத் தேடிப் பார்த்தேன். இரண்டே அகப்பட்டன. அவ்விரண்டும் என் பதிவைப்போலவே தண்ணீருக்குள் பாடுகின்றன. பாடியவர் பெயரில்லை, தட்டின் எண்ணில்லை. அக்காலத் தட்டுகள் சிலவற்றின் இறுதியில் பாடியவரே தம் பெயரைச் சொல்லி முடிப்பார்; 1902இல் இந்தக் கல்கத்தாவில் பாடிப் பதிந்த கௌஹர் ஜான் அவ்வாறு சொன்னவரே. பாட்டு முடிந்ததென்று வாலை நறுக்கிவிட்டால் பெயரும் போயிற்று. ஆதலின் ஊசி இறங்குவது முதல் எழுவது வரை பதிக்க வேண்டும்; நடுவிலுள்ள வட்டச் சீட்டையும் ஒளிப்படம் எடுக்க வேண்டும். அந்தச் சீட்டுகள் சிலவற்றில் 'டம்டம்' என்று அச்சிட்டிருக்கிறது. சென்னையில் பாடிய குரல், மெட்ரோ வண்டியில் நாம் போய்வரும் அந்த டம்டம் ஆலையில் தட்டாக வார்க்கப்பட்டு, மீண்டும் தெற்கே போய், யாரோ ஒரு மாணவரின் டிரங்குப் பெட்டியில் ஏறி இங்கே திரும்பியிருக்கிறது.

வங்காளிகளைப் பாருங்கள். இதே நகரில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் வட இந்திய இசைப் பதிவுகளை எண் வடிவாக்கிக் காத்துவருகிறார்கள். அவர்கள் நம் நாடகப் பாட்டைத் தேடி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

இணையத்தில் பரப்பும் பேச்சைப் பின்னர் வைத்துக்கொள்வோம். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டையடுத்து அறுபது ஆண்டுகள் நிற்கும். பாட்டுக்கும் மெட்டுக்கும் உரிமை வேறு. ஒவ்வொரு தட்டாகப் பார்க்க வேண்டிய செய்தி அது.

78 தட்டுக்கான ஊசியை என் உதவித்தொகையில் வாங்கிவிட்டேன். சுழற்றும் பெட்டியை அதே நண்பர் மறுபடியும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சங்க அறையில் தொடங்கலாம். கேரம் பலகையைத் தூக்கி வைக்க இருவர் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுவேன், ஆதலின் கைவிசிறி வைத்திருப்போர் கொண்டுவருக.