தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது யார்?

மைசூர் அக்ரஹாரத்துத் தமிழர்களுக்கு 'காலிபர்' என்ற சொல் நன்றாகவே தெரியும். மாப்பிள்ளை பார்க்கும் காலத்தில் அதிகம் புழங்கும் சொல் அது. "பையன் நல்லவன்தான், ஆனா அந்தக் காலிபர் இல்லை" என்று யாராவது சொல்லிவிட்டால் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். அச்சு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்துக்குப் பெயராகி, பிறகு மனிதர்களையே அளக்கப் புறப்பட்ட சொல் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. குண்டுலுப்பேட்டைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், சமீபத்தில் அதை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். காட்டுப்பன்றி பயிரை விட்டுவைப்பதில்லையாம். "சார், நீங்க இங்கிலீஷ் புஸ்தகமெல்லாம் மொழிபெயர்க்கிறவர். புதுசா ஒரு ரைஃபிள் வாங்கணும்னா எந்தக் காலிபர் சரியா இருக்கும், பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்.

புத்தகங்களில் பதிலுக்குப் பஞ்சமில்லை. மிருகத்தின் எடை, தோலின் தடிமன், சுடும் தூரம், தோள் தாங்கும் உதை ஆகியவற்றைக் கூட்டிக் கழித்தால் ஓர் எண் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணில் வேட்டைக்காரர்கள் என்றுமே ஒத்துப்போனதில்லை. மைசூர் சமஸ்தானத்தில் யானை பிடிக்கும் பொறுப்பில் இருந்த சாண்டர்சன், 4 போர், 8 போர் பீரங்கிக் குட்டிகளை நம்பியவர். போர் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்கு எத்தனை உருண்டைகள் செய்யலாம் என்ற கணக்கு. 4 போர் என்றால் ஓர் உருண்டையே கால் பவுண்டு, அதாவது சுமார் 113 கிராம். இதற்கு நேர் எதிராக, ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்ற பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பெரும்பாலானவற்றை .275 என்ற 7 மில்லிமீட்டர் துப்பாக்கியாலேயே வீழ்த்தினார். குண்டு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்ததும் ஒரு .275 தான். சேலம், தர்மபுரிக் காடுகளைத் தமிழ் வாசகர்களுக்கும் அறிமுகப்படுத்திய பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்ற அதே ரகம்.

ஆக, மிருகத்தையும் மனிதனையும் பொறுத்த விஷயம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. இந்தியாவில் இதில் மூன்றாவதாக ஒருவர் உண்டு: சர்க்கார். அவர் மிருகத்தைப் பார்த்து முடிவு செய்ததே இல்லை.

1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருடத்தில்தான் வந்தது. பேனாவையும் துப்பாக்கியையும் ஒரே மூச்சில் கணக்கெடுத்த ஆண்டு அது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். விதிகள் வெள்ளையருக்கு விலக்களித்தன. வெள்ளைக்கார வேட்டைக்காரரையும் சர்க்கார் ஒருமுறை தொட்டது. .450 தோட்டாக்களின் குண்டுகளை உருவிப் பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளில் கலகக்காரர்கள் போட்டுச் சுடுவார்கள் என்ற அச்சத்தில், 1907-ல் அந்தக் காலிபரை இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரத் தடை போட்டது. லண்டன் கம்பெனிகள் சளைக்கவில்லை. குழலை ஒரு நூலளவு அகலப்படுத்தி .465, .470, .476 என்று வரிசையாகப் புது அளவுகளை இறக்கின. இன்றும் ஆப்பிரிக்காவில் யானைத் துப்பாக்கி என்றாலே நினைவுக்கு வரும் .470, நம் ஊர்த் தடை ஒன்றுக்கு விடையாக வந்தது. யானையின் மண்டை ஓடு எவ்வளவு தடிமன் என்ற கேள்வி அதில் எழவேயில்லை.

.303-க்கும் இதே கதை. அது ராணுவத்தின் காலிபர். 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் சுடப்பட்ட 1,650 ரவுண்டுகளும் அதுதான். அந்தத் தோட்டா குடிமகன் கையில் போகக் கூடாது என்பதால், சற்றே பெரிய .315 இந்தியச் சந்தைக்கு வந்தது. மில்லிமீட்டரில் சொன்னால் 7.7-க்குப் பதில் 8. அதன் குண்டு .303-ன் குண்டைவிடக் கனமானது. கொல்லும் திறனைக் குறைப்பது நோக்கமல்ல; ராணுவத் தோட்டா அதில் பொருந்தக் கூடாது, அவ்வளவுதான்.

காலிபரைவிடக் குண்டின் முனை பெரிய விஷயம் என்பதையும் இந்திய மண்ணில்தான் கண்டுபிடித்தார்கள். வடமேற்கு எல்லைப் போர்களில் .303 குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, விழ வைப்பதில்லை என்று சிப்பாய்கள் குறைப்பட்டபோது, கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் முனையைத் திறந்துவிட்டார்கள். உடம்புக்குள் போனதும் குண்டு விரிந்து பிளந்தது. 1899-ல் ஹேக் மாநாடு அந்த வகைக் குண்டுகளைப் போரில் தடை செய்தது. வேட்டையில் அது இன்றும் விதிவிலக்கல்ல, விதி. மிருகம் சித்திரவதைப்படாமல் விரைவில் சாக வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

சுதந்திரம் வந்து, 1959-ல் புது ஆயுதச் சட்டமும் வந்தது. தர்க்கம் மட்டும் மாறவில்லை. .303, 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவை ஏற்கும் ரைஃபிள் சாதாரண மனிதனுக்குக் கிடையாது. அந்த 7.62-ஐவிட ஒரு பிடி வேகம் கூடிய .30-06 கிடைக்கும். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் .315-ம் தயாரானது. அதன் தோட்டா லைசென்ஸ்காரர்களுக்கு விற்கப்பட, வட மாநிலங்களின் கள்ளக் கொல்லர்கள் அந்தத் தோட்டாவுக்கு ஏற்ற குழலைச் செய்துகொண்டார்கள். உத்தரப் பிரதேசப் போலீஸ் பிடிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளில் '315 போர்' என்பது தினசரிச் செய்தி. எண்ணைத் தடுத்தால் ஆபத்து நிற்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

கட்டுப்பாடே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மைசூரிலேயே சாட்சி உண்டு. வேன் இஞ்சன் குடும்பத்தின் மிருக பாடம் செய்யும் தொழிற்சாலை இங்கே சுமார் 1900 முதல் 1999 வரை நடந்தது. அங்கிருந்து புலி, சிறுத்தை உருவங்கள் பல்லாயிரக்கணக்கில் உலகத்தின் மாளிகைகளுக்குப் போயின. லைசென்ஸ் கவலை இல்லாதவர்கள் விருப்பமான காலிபரில் சுட்டு அனுப்பியவை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-ல் புலித் திட்டம் தொடங்கியபோது முதல் ஒன்பது காப்பகங்களில் பண்டிப்பூரும் ஒன்று. அந்தக் கதவைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று யாரும் கேட்க நியாயமில்லை.

ஆனால் பண்டிப்பூர் ஓரத்தில் பயிர் வைப்பவருக்கு என்ன பதில்? சட்டம் ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அது போதாது என்று அதிகாரி கருதினால் புரி வெட்டாத வேறு குழல் துப்பாக்கி தரலாம். ரைஃபிள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடிக்க வேண்டிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு, நூறு கிலோப் பன்றியை இருட்டில் எதிர்கொள்வது எப்படி என்று சட்டம் சொல்லவில்லை. குறி தப்பினால் மிருகம் காயத்தோடு காட்டுக்குள் ஓடும். சுட்டாலோ வனச் சட்டத்தில் தனி வழக்கு.

அதனால் பலர் துப்பாக்கிப் பக்கமே போவதில்லை. கொங்கு நாட்டில் அவுட்டுக்காய் என்பார்கள்: தீனிக்குள் வெடிமருந்து. அதற்குக் காலிபர் கிடையாது, யார் வாய் என்ற கேள்வியும் கிடையாது. 2020 மே மாதம் பாலக்காட்டில் கர்ப்பிணி யானை ஒன்று வெடியில் வாய் சிதைந்து, ஆற்றில் நின்றபடியே செத்தது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி அருகே, வயலைச் சுற்றிய கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. பன்றிக்கு வைத்த பொறியில் யானை விழுகிறது. சில சமயம் வைத்தவரும் விழுகிறார்.

கேரளம் 2022-ல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுபவர் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியைச் சொன்னது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும். மைசூருக்கு மேற்கே குடகில், குடகர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆயுத லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. அதை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. உயர் நீதிமன்றமும் 2021-ல் ஏற்றுக்கொண்டது. பக்கத்துப் பக்கத்து நிலங்களில் மூன்று விதமான நம்பிக்கை.

இதில் எனக்குத் தமிழ்நாட்டு வழியே சரியென்று படுகிறது. சுட வேண்டுமா என்பதை அரசு வெளிப்படையாகச் சொல்லி, சுடும் ஆளையும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஆள் ராத்திரி போன் செய்தால் வர வேண்டும். ஒரே குண்டில் மிருகத்தை வீழ்த்தும் துப்பாக்கியும் அதற்கான பயிற்சியும் அவருக்கு இருக்க வேண்டும். செலவான ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வேண்டும். அழிந்த பயிருக்கான நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும். இவை இல்லாவிட்டால் உத்தரவு காகிதத்தில் கிடக்கும், அவுட்டுக்காய் வயலில் கிடக்கும்.

பக்கத்துத் தெருக்காரரிடம், ரைஃபிள் வாங்கும் யோசனையை விட்டுவிட்டு வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலுக்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கன்னடத்தில் அந்த மனுவை எழுதிக் கொடுத்ததுதான் இந்த விஷயத்தில் நான் செய்த மொழிபெயர்ப்பு.