98 நாளுக்குப் பிறகு என்ன?

2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் கேட்டு வந்த கோரிக்கை அது. மகிழ்ச்சிதான். ஆனால் தோட்டம் தோட்டமாகப் போய் வரும் நமக்கு ஒரு கேள்வி உறுத்துகிறது. பச்சை உடம்பு ஆறுவதற்கு 98 நாள் சரி. அதற்குப் பிறகு இருபது, முப்பது ஆண்டு கழித்து அந்தத் தாயின் உடம்பு என்ன பாடு படுகிறது?

1957-இல் இந்நாட்டில் ஓர் இலட்சம் பேறுக்குச் சுமார் 280 தாய்மார்கள் மாண்டார்கள். தாதிகளும் கிராமக் கிளினிக்குகளும் பெருகின. 2010-இல் அத்தொகை 30-க்கும் கீழே இறங்கியது. பெரிய சாதனை. உயிர் தப்பியவள் அறுபது வயதில் எப்படி இருக்கிறாள் என்ற பேச்சுதான் பெரட்டுக்களத்தில் எழுவதில்லை.

அண்மையில் ஒரு ரப்பர் தோட்டக் கூட்டத்தில் 58 வயது அம்மா ஒருவர் கடைசிவரை உட்காரவேயில்லை. கூட்டம் கலைந்ததும் தனியே வந்து சொன்னார்: "அடி இறங்கிப் போச்சு தம்பி. பத்து வருசமாச்சு. இதப் போயி டிரஸ்ஸர்கிட்ட எப்படிப்பா சொல்றது?" பழைய கைலித் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு தினமும் மரம் வெட்டப் போகிறாராம். ஆறு பிள்ளை பெற்றவர். ஐந்து பிள்ளை உயிரோடு இருந்தால் அடுத்த பேறுக்குப் பிரசவ அலவன்ஸ் கிடையாது என்பது சட்டம், இன்றும் அப்படித்தான். விடுப்பு உண்டு, பணம் இல்லை. ஆறாவது பிள்ளைக்கு நாற்பதாம் நாளே பால்வாளி தூக்கிவிட்டார்.

பேறுகள் கூடக்கூட கருப்பையைத் தாங்கும் தசைகள் தளர்கின்றன. பாரம் தூக்குவதும் ஓயாத இருமலும் மலச்சிக்கலும் அதை மேலும் கீழே தள்ளும். மாதவிலக்கு நின்றபின் தளர்ச்சி அதிகமாகும். இதற்கு வைத்தியம் உண்டு. தொடக்கத்திலேயே போனால் தசைப் பயிற்சி போதும். இல்லையேல் உள்ளே வளையம் பொருத்துவார்கள், முற்றினால் அறுவை சிகிச்சை. பத்து வருசம் துணி கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

இன்னொன்று சர்க்கரை. "வயித்துல புள்ள இருந்தப்ப வந்துச்சு, பெத்ததும் போயிருச்சு" என்று நம் பெண்கள் சொல்வார்கள். போய்விடுவதில்லை, ஒளிந்துகொள்கிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழிலிருந்து பத்து மடங்கு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனத்தாரிலும் நாம்தான் முன்னே. இந்த முதலிடம் நமக்கு வேண்டாம்! கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி, கால் முகம் வீங்கி, சிறுநீரில் புரதம் போனவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு.

இவையெல்லாம் கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகத்தில் எழுதியிருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். சேமநிதிக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். ஐம்பது வயதிலும் டாக்டரிடம் "எனக்கு இத்தனை பேறு, இத்தனையாவதில் சர்க்கரை, இத்தனையாவதில் அழுத்தம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஆண்டுக்கொரு முறையாவது சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு வெள்ளி சரிங்க, அன்னிக்கிப் பேரு போயிருமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி 22 நாள் நோய் விடுப்பு உண்டு. ஆனால் நோய் என்று டாக்டர் சீட்டு கொடுத்தால்தான் சம்பளம். நோய் வருமுன் பார்க்கப் போகிறவளுக்கு நாள் சம்பளம் போய்விடுகிறது. பெர்க்கெசோ 2013-இல் நாற்பது வயதான சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோதும் போகும் நாளுக்குச் சம்பளம் யார் தருவது என்ற சிக்கல் இருந்தது. நாற்பது கடந்த பெண்களுக்கு ஆண்டில் ஒரு நாள் சம்பளத்தோடு பரிசோதனை நாள், அடி இறங்கியவர்களுக்குப் பாரமில்லாத வேலை: அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இவ்விரண்டையும் மேசைமேல் வைக்க வேண்டும். ஆண் தலைவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு "பிறகு பார்ப்போம்" என்றால் கிளைக் கூட்டத்தில் பெண்களே எழுந்து கேளுங்கள்.

அந்த அம்மாவை மருமகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வளையம் பொருத்தியாயிற்று. வாளி தூக்காத வேலை கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.