கேலாத்தா மலைக்கு நாங்கள் போகவில்லை

போன ஜனவரியில் வேலை விஷயமாக யாங்கூனில் மூன்று வாரம் இருந்தேன். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அம்மா யாங்கூன்காரர்கள். எங்கள் வீட்டில் இன்றும் அது 'ரங்கூன்'தான். நடுவில் ஒரு சனி ஞாயிறு சும்மா கிடைத்தது. ஒரு மலை ஏறலாம் என்று தோன்றியது.

பர்மாவில் மலை என்றாலே எல்லோரும் பொற்பாறைக்குப் போவார்கள். தங்க ரேக் ஒட்டிய பெரிய பாறை, விளிம்பில் விழுவது மாதிரி நிற்கும். போட்டோ எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கு யாரும் போகாத இடம் வேண்டும். தேடியபோது மோன் மாநிலத்தில், பிலின் வட்டாரத்தில் ஒரு மலை கிடைத்தது. பெயர் கேலாசா. பாலி மொழியின் 'ச' பர்மியர் வாயில் 'த' ஆகிவிடும் என்பதால் ஊரில் கேலாத்தா. ஆமாம், நம்ம கைலாசம்தான். உச்சியில் பகோடா இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் தம்மசேதி மன்னர் பகோவில் வெட்டிவைத்த கல்யாணி கல்வெட்டுகளிலேயே இந்த மலையின் பெயர் வருகிறது. சிவன் வீட்டின் பெயரில் ஒரு புத்த மலை, அதுவும் எங்கள் சொந்தக்காரர்கள் யாருமே பார்க்காதது. விடுவேனா?

ஐ.டி.க்காரன் என்ன செய்வான்? கூகுள் ஷீட் திறந்தேன்.

சனிக்கிழமை காலை யாங்கூனில் கிளம்பி, பகோ தாண்டி, சித்தாங் ஆற்றைக் கடந்து, சைத்தோ ஊரில் இரவு தங்கல். ஞாயிறு விடியும் முன்பே ஏற ஆரம்பிக்க வேண்டும். ஏறும் நேரத்துக்கு நெய்ஸ்மித் விதியைப் போட்டேன். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி ஒருவர் சொன்னது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். வெயிலுக்காக அதன் மேல் கொஞ்சம் கூட்டினேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புக் கரைசல், தலை விளக்கு, பவர் பேங்க். பகல் 11 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை இல்லாத காலம், அதுவும் சரி. எல்லாக் கட்டமும் பச்சை நிறம்.

ஷீட்டை சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். வயது 27. யாங்கூனிலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே வேலை பார்ப்பவன். பெயர் போடவில்லை, காரணம் படித்தால் புரியும். ஒரு மணி நேரம் கழித்து பதில் வந்தது: "சரிண்ணே. போலாம்."

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீ கேட்டா அவன் மாட்டேன்னு சொல்ல மாட்டான்ப்பா. நீயே வேணாம்னு சொல்லிடு."

அப்போதுதான் என் ஷீட்டில் இல்லாத கட்டம் எனக்குத் தெரிந்தது.

2021 பிப்ரவரி 1 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்த நாடு எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. டாக்டர், இன்ஜினியர் மாதிரி தொழில் படித்தவர்களுக்கு வரம்பு இன்னும் மேலே, ஆண்களுக்கு 45 வரை. யாங்கூனிலிருந்து பிலின் போகிற ரோட்டில் சோதனைச் சாவடிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் கார்டை நீட்ட வேண்டும். நான் சிவப்புப் பாஸ்போர்ட்டை நீட்டினால் நாலு கேள்வி கேட்டு விடுவார்கள். தம்பி கார்டை நீட்டினால்? அங்கே பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட பையன்களின் கதை அவனுக்குத் தெரியும். அதில் ஒருவன் அவன் தெருக்காரன்.

சாவடியைத் தாண்டினாலும் பிலின் பக்கம் ராணுவத்துக்கும் கரேன் படைகளுக்கும் சண்டை நடந்திருக்கிற இடம். கண்ணிவெடி பயமும் உண்டு. 2023இல் உலகத்திலேயே கண்ணிவெடியிலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளிலும் அதிகம் பேர் இறந்த, காயப்பட்ட நாடு மியன்மார். பதிவானது மட்டும் 1,003 பேர். 'யாரும் போகாத இடம்' என்று நான் ஆசையாகத் தேடினேன் அல்லவா? இந்த நாட்டில் ஒரு பாதையில் யாரும் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கலாம். ஊர்க்காரரிடம் கேட்காமல் போனில் இருக்கிற மேப் அதைச் சொல்லாது.

மறுநாள் தம்பிக்கு போன் போட்டு, ஆபீஸில் வேலை வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவன் சிரித்தான். "அம்மா சொல்லிட்டாங்களாண்ணே?"

இந்த விஷயத்தில் என் கருத்து இதுதான். நாலு பேர் சேர்ந்து மலைக்குப் போகிறோம் என்றால், திட்டம் போடுகிறவனை வைத்துத் திட்டம் போடக்கூடாது. அந்த நாலு பேரில் யாருக்கு இழப்பு அதிகமோ அவரை வைத்துப் போட வேண்டும். மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம் என்று எல்லா மலையேறிகளும் ஒத்துக்கொள்வார்கள். கால் வேகத்துக்குப் பொருந்துகிற விதி, கையில் இருக்கிற காகிதத்துக்கும் பொருந்த வேண்டும் இல்லையா?

"அவனும் பெரியவன்தானே, அவனே முடிவு பண்ணட்டும்" என்று சிங்கப்பூரில் ஒரு நண்பன் சொன்னான். நியாயமான பேச்சு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அது அப்படி நடப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து அண்ணன் வந்திருக்கிறான், செலவு அவனுடையது, ஆசையாகக் கூப்பிடுகிறான். இதில் 'வேண்டாம்' என்று சொல்ல எத்தனை தம்பிகளால் முடியும்? அந்த 'சரிண்ணே'வை சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் தப்பு. கேட்கும் முன்பே நான் யோசித்திருக்க வேண்டும்.

இது எங்கள் குடும்பத்துக்குப் புதிய பாடமும் இல்லை. நான் ஷீட்டில் 'சித்தாங் ஆறு' என்று ஒரு வரியில் எழுதிப் போனேனே, அந்த ஆற்றுப் பாலத்தைத்தான் 1942 பிப்ரவரி 23 விடியற்காலையில் பிரிட்டிஷ்காரர்கள் தாங்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவர்களுடைய படையில் பெரும்பகுதி அப்போது அக்கரையில் நின்றது. இரண்டு வாரத்தில், மார்ச் 8ஆம் தேதி, ரங்கூன் ஜப்பானியர் கையில். அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பல் டிக்கெட் வாங்க முடிந்தவர்கள் கடலில் போனார்கள். முடியாதவர்கள் தவுங்கப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், தாமு வழியாக இம்பாலுக்கும் மலை மலையாக நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ரங்கூனில் பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் நடந்து வந்தவர்தான். அதைப் புத்தகமாகவும் எழுதினார். எங்கள் கொள்ளுத்தாத்தா ரங்கூனிலேயே தங்கிவிட்டார். அவர் தம்பி நடந்து போனார். எங்கேயும் போய்ச் சேரவில்லை.

ஒரே மலைதான், ஆனால் ஆளுக்கு ஆள் வேறு விலை. அன்றைக்கு விலையைத் தீர்மானித்தது டிக்கெட். இன்றைக்கு பாஸ்போர்ட்.

விடுமுறைக்கு அப்பா அம்மாவின் ஊருக்குப் போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். அது யாங்கூனாக இருக்கலாம், முல்லைத்தீவாக இருக்கலாம், எந்த ஊராகவும் இருக்கலாம். காட்டுக்கும் மலைக்கும் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் பெரும்பாலும் கோயில், கல்யாணம், ஷாப்பிங் மால் என்று சுற்றிவிட்டு வந்துவிடுகிறோம். மண்ணில் கால் வைத்து நடப்பது நல்லதுதான். ஆனால் குரூப்பில் திட்டத்தைப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வழியில் ஏதாவது நடந்தால் நம்மில் யாருக்கு அதிகம் போகும்? அந்த ஆளால் என்னிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? அந்த ஊரிலேயே இருக்கிற ஒருவர் இந்த வாரம் 'வரலாம்' என்று சொன்னாரா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள்.

அந்த ஞாயிறு காலை நானும் தம்பியும் கண்டோஜி ஏரிக்கரையில் நடந்தோம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஷ்வேடகோன் பகோடாவில் வெயில் பட ஆரம்பித்திருந்தது. பிறகு டீக்கடையில் ஆளுக்கு இரண்டு பாலாடை டீ. மலையைப் பற்றி அவனே பேச்செடுத்தான். தண்ணீர் மூன்று லிட்டர் போதாதாம், நாலு வேண்டுமாம்.

ஷீட்டை நான் அழிக்கவில்லை. தண்ணீர்க் கட்டத்தை நாலு என்று மாற்றி வைத்திருக்கிறேன். தேதிக் கட்டம் காலியாக இருக்கிறது. அதை அவன்தான் நிரப்ப வேண்டும்.