அரை மதிப்பெண்

அமெரிக்காவின் ‘குவார்ட்டர்’ இனக் குதிரைகளின் காட்சிகளில் ‘ட்ரெயில்’ என்றொரு பிரிவு உண்டு. வெறும் வேகத்துக்கு அங்கே மரியாதை இல்லை. மாட்டுப் பண்ணையில் குதிரை அன்றாடம் செய்கிற வேலைதான் பரீட்சை: சவாரிக்காரர் இறங்காமலே கேட்டைத் திறந்து மூட வேண்டும், தரையில் கிடக்கும் கட்டைகளைக் கடக்க வேண்டும், ஒடுக்கமான சந்தில் பின்னோக்கியே நடந்து வர வேண்டும். இந்த மூன்றும் கட்டாயம்.

நடுவரின் கணக்கு 70-இல் தொடங்கும். 70 என்றால் சுமார். ஒவ்வொரு தடைக்கும் அரை அரையாக ஒன்றரை வரை கூட்டலாம், குறைக்கலாம். தண்டம் தனி. குளம்பு கட்டையை லேசாக உரசினால் அரை, மிதித்தால் 1, உயர்த்தி வைத்த கட்டையைத் தள்ளிவிட்டால் 3, ‘போக மாட்டேன்’ என்று முரண்டு பிடித்தால் 5. பாதி வழியில் பாசத்தோடு கழுத்தைத் தட்டிக்கொடுத்தாலும் 5 போய்விடும்!

தண்டம் போட நடுவர் எதற்கு? கண் நன்றாகத் தெரிகிற யாரும் போடலாம். கூட்டிப் போடுகிற அந்த அரையில்தான் அவருடைய படிப்பு தெரியும். நடைக்கான கட்டைகளுக்கு நடுவே 20 முதல் 24 அங்குலம் இடைவெளி. முதல் குதிரை வருகிறது; ஒவ்வொரு அடிக்கும் சவாரிக்காரரின் மணிக்கட்டு அசைகிறது. கட்டையில் படவில்லை. அடுத்தது கடிவாள வார் தளர்ந்து தொங்க, கழுத்தைத் தாழ்த்தி, காதை முன்னால் நிறுத்தி, கட்டையைப் பார்த்துப் பார்த்துத் தானே கால் வைக்கிறது. அதுவும் படவில்லை. தன் வழியைத் தானே தேர்ந்து போகிற குதிரைக்குச் சலுகை தரச் சொல்கிறது விதி. முதலாவதற்கு நான் பூஜ்யம்தான் போடுவேன். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதற்கும் புரிந்து செய்வதற்கும் ஒரே மதிப்பெண்ணா?

ஆபத்தான தடையை மாற்றவும் எடுத்துவிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. டயர், உயிருள்ள பிராணி, ஆடும் பாலம், தீ எதையும் தடையாக வைக்கக் கூடாது. உலர்பனிக்கட்டிக்கும் அனுமதி இல்லை. அதை எழுதிவைக்க வேண்டி வந்திருக்கிறது என்றால், எந்தப் புண்ணியவான் வைத்துப் பார்த்தாரோ!

வர்ணம் பூசிய கட்டை, பிளாஸ்டிக் பூத்தொட்டி என்று பெரிய அரங்குகளில் ட்ரெயில் இப்போது கல்யாண மேடை மாதிரி ஆகிவிட்டது. அந்த அலங்காரத்தில் சலித்தவர்களுக்கு ‘ராஞ்ச் ட்ரெயில்’ தனியாக இருக்கிறது. அங்கே கயிறு கட்டி மரத்துண்டை இழுத்துப் போகவும் சொல்வார்கள். எனக்கு டிக்கெட் எடுத்தால் அந்தப் பக்கம் எடுங்கள்.