நோயாளிக்கு உண்டு, பார்ப்பவளுக்கு?



சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்த அஸ்வெசும, 22 குறிகாட்டிகளைக் கொண்டு நம் வறுமையை அளக்கிறது. அங்கவீனருக்கும் முதியோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் கொடுப்பனவு உண்டு. நல்லது. அவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, சோறூட்டும் மருமகளுக்கு என்ன உண்டு?

அலுவிகாரைப் பக்கத் தோட்டங்களில் நாம் காண்பது இதுதான்: மாமியார் படுத்துவிட்டால் மருமகள் மலைக்குப் போக முடியாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை, சேமலாப நிதியுமில்லை. நிர்ணயித்த நாட்சம்பளம் அவள் கைக்கு வராது.

வீட்டில் இருப்பதை எண்ணும் படிவம், அவள் இழந்த பேரையும் எண்ணட்டும்! பராமரிப்பவருக்குத் தனிக் கொடுப்பனவு வேண்டும்; நோயாளியின் பணத்தில் அதைக் கழிக்கக் கூடாது. ஒன்றுபட்டுக் கேட்போம்!